கல்குவாரி மேடும் என் வலது கையும்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். சேலையூர் கேம்ப் ரோட்டில் முதலில் கண்ணில் பட்டது, பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்கள். இடது கால் சாதாரணமாக இருந்தது. வலது முட்டியில் கறுப்பு நிற நீ-கேப் ஒன்று, அதன்மேல் இன்னொன்று. உள்ளே டியூப்லைட் எரிந்தது. காற்றடிக்கும் பம்பின் சத்தம் சீராக வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது.

அது ஹார்டுவேர் கடை. கால்கள் கடைக்காரருடையவை. வயது அறுபத்தொன்று. எங்கள் சைக்கிள் குழுவில் எல்லோருக்கும் அவர் பாய். குழுவில் பாதிப் பேர் அவருக்கு மச்சான். நான் மட்டும் சார்.

குனிந்து பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்.

"இன்னா சார், லேட்டு. பேப்பர்காரங்க டைம் இதானா?"

"அஞ்சே காலுக்குத்தானே பாய் வரச் சொன்னாங்க."

"எனுக்கு நாலு மணிலேருந்து தூக்கம் வரல. வூட்ல திட்டிக்கினே கெடக்குறாங்க."

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். நிருபர் எழுதி அனுப்பியதில் ஊர், நேரம், வயது, இனிஷியல் சரியா என்று பார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றபின் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுத்துப்போய் சைக்கிள் வாங்கினேன். அப்படித்தான் இந்தக் குழுவுக்குள் வந்தேன். சேலையூர், சிட்லபாக்கம், இரும்புலியூர் பக்கத்து ஆட்கள் இருபது இருபத்தைந்து பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது போய்விட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்புவோம். பயணம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் நான் ஒரு குறிப்பு எழுதுவேன். எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஞ்சர். எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் ஒரு வாரம் எழுதாவிட்டால் கேட்பார்கள்.

குழுவின் தலைவி சிட்லபாக்கத்திலிருந்து வரும் கணக்கு டீச்சர். ஐம்பது வயது. அவரைவிட மூத்தவரான பாய்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கிண்டியில் இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளில் போக முடியாது என்று தெரிந்தபின், மேடவாக்கத்தைத் தாண்டி இருக்கும் காப்புக்காட்டுக்கு அனுமதி கேட்டு மனு எழுதியவர் அவர்தான். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை முதல் எட்டரை வரை அனுமதி. பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாட்டுப் போடவோ கத்தவோ கூடாது. எட்டரைக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் அடுத்த வருடம் மனு எழுத வேண்டியதில்லை. இது நாலாவது வருடம்.

காட்டுக்குள் சுற்றுப்பாதை ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதில் ஒரு மேடு. முன்பு அங்கே கல் வெட்டினார்கள். லாரிகள் கல்லேற்றி வெளியே வரப் போட்ட சரிவு அது. லாரிகள் நின்று பல வருடம் ஆகிவிட்டது. மழை அறுத்த தடங்களும் உருளும் ஜல்லியும்தான் மிச்சம். என் காலடியில் நூற்றிருபது அடி. எண்பத்தைந்தாவது அடியில் வலப்பக்கம் சாய்ந்த ஒரு வேப்பமரம். அதற்கு மேல் சரிவு இன்னும் செங்குத்தாகும்.

இந்த மேட்டில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கால் ஊன்றாமல் மேலே போனால்தான் ஏறியதாகக் கணக்கு. ஆனால் ஊன்றினாரா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ஊன்றியவரே "கால்!" என்று காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். அவமானம் ஒன்றும் இல்லை. நான் முந்தைய மூன்று வருடமும் முதல் இருபது அடியிலேயே சொல்லிவிட்டுத் தள்ளியவன்.

பாய் மூன்று வருடம் முயன்று மூன்று முறையும் "கால்!" சொன்னார். முதல் வருடம் செயின் கழன்றது. அடுத்த வருடம் பாதியில். போன வருடம் வேப்பமரத்தடியில். அந்த முறை மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குருவி ஏதோ பார்த்ததாகச் சொன்னார்.

இந்த வருடத்தோடு அது முடிகிறது. வருகிற புதன்கிழமை அவருக்கு வலது முட்டி மாற்றும் ஆபரேஷன். அதற்குப் பிறகு தார் ரோட்டில் ஓட்டலாம், மேடு பள்ளம் ஜல்லிப் பாதை எல்லாம் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியதே இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வீட்டில் கல்யாணம் என்று சொன்னாராம்.

ஐந்தரைக்குப் பதினான்கு பேர் சேர்ந்தோம். டீச்சர் முன்னால். நான் கடைசி. கடைசி ஆளுக்கு எங்கள் குழுவில் ஸ்வீப் என்று பேர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர் யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. பஞ்சர் ஆனவரோடு நிற்பது, மூச்சு வாங்குகிறவரோடு பேச்சுக் கொடுப்பது, எதிர்காற்றிலோ பாலத்து ஏற்றத்திலோ திணறுகிறவரின் முதுகில் கை வைத்துத் தள்ளுவது எல்லாம் ஸ்வீப்பின் வேலை. கை வைக்கும் முன் கேட்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. கை வைக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும். வேகமாக ஓட்டத் தெரியாத எனக்கு இந்த வேலை பொருந்தியது. இரண்டு வருடத்தில் எத்தனை முதுகில் கை வைத்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம் எல்லாம் இருட்டிலேயே கடந்தன. முன்னால் போகிறவர் "குழி!" என்றால் அடுத்தவர் "குழி!" என்பார். கடைசியில் என்னிடம் வந்து சேரும்போது நான் குழியைத் தாண்டியிருப்பேன், அல்லது அதற்குள் இருப்பேன். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புகளை ஒட்டி ஒற்றை வரிசையில் போனோம். பாய் எனக்கு நேர் முன்னால். முதுகில் பெரிய பை. பம்பு, இரண்டு டியூப், ஸ்பேனர் செட், எண்ணெய் டப்பா, எல்லோருக்கும் வாழைப்பழம். கடையில் பாதியைத் தூக்கி வருகிறார் என்று சொல்வோம். யாருக்கு எது கழன்றாலும் அந்தப் பையில் மாற்று இருக்கும். அன்றும் அந்தப் பையைக் கழற்ற மாட்டேன் என்றார்.

"மேடு ஏறும்போதாவது குடுங்க பாய், நான் வச்சுக்கறேன்," என்றேன்.

"மூணு வருசமும் பையோடதான் சார் வுழுந்தேன். இப்போ கழட்டிட்டு ஏறுனா மேடு ஒத்துக்காது."

ஆறு முப்பத்தைந்துக்கு வனக்காவலர் கம்பிக் கதவைத் திறந்தார். எங்களை எண்ணினார். பதினான்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எண்ணியபின் டீச்சர் எண்ணினார். டீச்சருக்குப் பின் நான்.

காடு என்றதும் உயர்ந்த மரங்களை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது புதர்க்காடு. களா, சூரை, ஆள் உயரத்துக்கு மேல் போகாத முள் மரங்கள். நடுநடுவே பனை. கல் வெட்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர். ஒரு பக்கம் திரும்பினால் அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். மறுபக்கம் திரும்பினால் எதுவும் தெரியாது. முதல் வருடம் பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தையைப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த இடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். இந்த வருடமும் பார்த்தோம். இடுக்கு இருந்தது.

மேட்டடிக்கு வரும்போது ஏழு நாற்பது. ஒருவர் பின் ஒருவராக ஏற ஆரம்பித்தார்கள். டீச்சர் ஏறினார், ஊன்றவில்லை. இரும்புலியூரிலிருந்து வரும் சாஃப்ட்வேர்க்காரர், முப்பது வயது இருக்கும், ஹெல்மெட்டில் கேமரா மாட்டியவர், பேசிக்கொண்டே ஏறிப் போனார். மேலே போய்க் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே திருப்பினார். மற்றவர்கள் போனார்கள். "கால்!" என்ற சத்தம் ஐந்து முறை கேட்டது.

கடைசியில் பாயும் நானும்.

"நீங்க போங்க சார் மொதல்ல."

"நான் ஸ்வீப் பாய். உங்களுக்குப் பின்னாடிதான் வரணும்."

"அப்போ வண்டிய இங்கயே போட்டுட்டு வாங்க. நீங்க பின்னாடி கால் கால்னு கத்துனா எனுக்குச் சிரிப்பு வந்துரும்."

அவர் சொன்னது நியாயம். என் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு அவர் பின்னால் நடந்தேன். அந்தச் சரிவில் சைக்கிளின் வேகம் நடக்கிறவனின் வேகம்தான். முட்டி மடங்கிவிட்டால் பிடிக்க ஒரு ஆள் பின்னால் இருப்பது நல்லது என்றும் நினைத்தேன்.

சின்ன கியரில் போட்டு, உட்கார்ந்தபடியே மிதித்தார். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் ஜல்லியில் சுழலும் என்று மூன்று வருடத்தில் கற்றிருந்தார். வலது கால் கீழே போகும் ஒவ்வொரு முறையும் மூக்கால் ஒரு சத்தம். பாதித் தூரத்தில் போன வருடத்துத் தடத்தை விட்டு இடப்பக்கம் மாறினார்; அங்கே மண் கெட்டியாக இருந்தது. யோசித்து வைத்திருக்கிறார். மேலே நின்றவர்கள் கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது நிபந்தனை. பதிலாகக் கைகளை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேப்பமரத்தைத் தாண்டினார். தாண்டி ஏழெட்டு அடி. முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டு இடது பக்கம் திரும்பியது. வண்டி நின்றுபோன மாதிரி இருந்தது. அவர் தோள் சாய்ந்தது.

என் வலது கை அவர் பைமேல் போய்ப் பட்டது.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் கை போய்விட்டது. இரண்டு விநாடி, அதிகம் போனால் மூன்று. தொட்டேன், தள்ளவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கையை வைத்தபோது முழங்கை மடங்கியிருந்தது, எடுத்தபோது நேராக இருந்தது. அதற்குத் தள்ளுவது என்றுதான் பேர். முன்சக்கரம் நேராகிவிட்டது. அவர் மிதித்தார். நான் கையை எடுத்துவிட்டேன். மீதித் தூரம் அவரே போனார்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு மேலே இருந்தார். கால் ஊன்றவில்லை.

பன்னிரண்டு பேரும் சத்தமில்லாமல் கைதட்ட முயன்றார்கள். உள்ளங்கைகளை மெதுவாகச் சேர்த்து, பொம்மைகள் மாதிரி. பாய் வண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக நீட்டி வைத்தார். முகம் சிவந்து, கண் நிறைந்து, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மூச்சு வந்ததும் முதலில் வீட்டுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது தெரியாமல் பேசினார்.

"ஏறிட்டேன். ஆமா. கால் வைக்கல. சத்தியமா வைக்கல."

"மொதல்ல முட்டி எப்டி கீதுன்னு சொல்லுங்க," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"முட்டி இருக்குற எடத்துலயே கீது."

எல்லோரும் சிரித்தார்கள். வாழைப்பழம் கை மாறியது. பிறகு அவர் சொன்னார். பொதுவாக, எல்லோருக்கும்.

"அந்த எடம் இருக்கு பாருங்க, வேப்பமரம் தாண்டி, அங்க வந்தா ஒடம்பு பின்னாடி இழுக்கும். இன்னிக்கும் இழுத்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். திடீர்னு லேசாயிடுச்சு. யாரோ தூக்கி வுட்ட மாதிரி. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

"அதுக்குப் பேர்தான் பாய் ஃப்ளோ," என்றார் சாஃப்ட்வேர்க்காரர்.

"ஃப்ளோவோ கிளோவோ, கெடச்சுது மச்சான்."

பை தடிமனாக இருந்தது. உள்ளே பம்பும் இரும்பும். என் கை பட்டது அவர் முதுகுக்குத் தெரியவே இல்லை.

நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். சாஃப்ட்வேர்க்காரர் எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். பாய் இரண்டு முறை பார்த்தார். மேலிருந்து நேராக எடுத்த படம். பாயின் முகம், ஹாண்டில்பாரைப் பிடித்த கைகள், அவர் தோளுக்குப் பின்னால் என் தொப்பியும் முகமும்.

"சாரும் ஃபிரேம்ல இருக்கார் பாருங்க," என்றார் சாஃப்ட்வேர்க்காரர்.

பார்த்தேன். வேப்பமரத்துக்கு மேலே, முன்சக்கரம் திரும்பி நேரான அந்த இடத்தில், என் முகம் மட்டும் தெரிந்தது. கை தெரியவில்லை.

"சார்," என்றார் பாய், "ரிப்போர்ட்ல இந்த ஒரு வரி மட்டும் நல்லா வரணும். நீங்க எதையும் நல்லா எழுத மாட்டீங்க, அது எனுக்குத் தெரியும். கால் வைக்காம ஏறினாருன்னு எழுதுங்க, போதும். ஆஸ்பத்திரில படுத்துக்கினு படிப்பேன்."

கால் வைக்காமல் ஏறினார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் கால் வைக்கவில்லை. ஏறினார். மேசையில் இருந்தபோது இந்த மாதிரி வாக்கியங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும், செய்தி தப்பாக இருக்கும். நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டால், இதில் எது பொய் என்று கேட்பார். காட்ட முடியாது.

சொல்லாமல் இருந்துவிட நல்ல காரணங்கள் இருந்தன. புதன்கிழமை அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். இன்னொரு வருடம் கிடையாது. இரண்டு விநாடி. யாருக்கும் நஷ்டமில்லை. என் வேலையில் நான் போட்ட திருத்தங்கள் எல்லாம் எழுதியவனைத்தான் குறைத்தன. செய்தியில் இருந்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தன. இந்தத் திருத்தம் தலைகீழ். எழுதுகிறவனுக்கு நிம்மதி, செய்தியில் இருப்பவருக்கு இழப்பு. அது அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். அவருக்காகச் சொன்னேன் என்று இன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"பாய், நான் கை வச்சேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எதுல?"

"உங்க பைமேல. வேப்பமரம் தாண்டி. சக்கரம் திரும்புச்சே, அப்போ."

சிரிப்பு அவர் வாயில் அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. கையில் பாதி வாழைப்பழம்.

"தள்ளுனீங்களா?"

"தள்ளினேன். ரெண்டு செகண்ட். மூணு இருக்கலாம்."

சாஃப்ட்வேர்க்காரர் கேமராவை மூடினார். டீச்சர்தான் முதலில் பேசினார். "ரெண்டு செகண்ட்தானே பாய். அதெல்லாம் கணக்கில்ல."

"அக்கா, நீங்க கணக்கு டீச்சரு. நீங்களே கணக்கில்லன்னா எப்டி?"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பாய் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு ஸ்குரூவின் அளவு கேட்பது போலக் கேட்டார்.

"ஏன் சார் வச்சீங்க?"

"விழப் போறீங்கன்னு நெனச்சேன்."

"வுழுந்திருப்பேனா?"

"தெரியல பாய்."

"அதான் சார் பேஜாரு. இனிமே அது யாருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தால் அது பெரிய மேடாகத் தெரியாது. ஜல்லி, வேப்பமரம், கீழே பாறையில் சாய்த்து வைத்த என் சைக்கிள். பழத்தைத் தின்று முடித்தார். தோலைப் பையின் பக்கவாட்டில் செருகினார். பிறகு இடது கையை ஊன்றி, வலது காலை மடக்காமல் எழுந்தார்.

"அக்கா, மணி இன்னா?"

"எட்டு மூணு. பாய், வேண்டாம். இங்கேருந்து கேட்டுக்கே பத்து நிமிஷம் ஆகும்."

"எட்டரைக்குத்தான மூடுவாங்க."

"டைம் கூட பரவால்ல. முட்டிய நெனச்சுப் பாருங்க. இப்பத்தான் ஏறியிருக்கீங்க."

"புதன்கெழம அந்த முட்டிய வெட்டிக் குப்பைல போடப் போறாங்கக்கா. அதுக்கு இனிமே பாத்துப் பாத்துச் செஞ்சு இன்னா ஆவப் போது?"

டீச்சர் வாட்சைப் பார்த்தார். "எட்டு பதினஞ்சுக்கு எல்லாரும் வண்டியில இருக்கணும்," என்றார். வகுப்பில் பேசும் குரல்.

பாய் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது.

"மேடு ஒத்துக்காதுன்னீங்களே," என்றேன்.

"மேட்டுக்காகக் கழட்டல சார். உங்க கைக்கு ஒரு வேல வேணாமா? கீழ வெக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினே நில்லுங்க."

அப்போது எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாஃப்ட்வேர்க்காரர் கேமராவை எடுக்கப் போனார். பாய் தலையை ஆட்டினார். "வேணா மச்சான். எடுத்த வரைக்கும் போதும்."

வண்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பிரேக்கும் அழுத்தியபடி இறங்கிப் போனார். கீழே போய்த் திருப்பி நிறுத்தினார். நீ-கேப்புகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் வாய் அசைந்தது. வேண்டிக்கொண்டாரா, முட்டியைத் திட்டினாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

எட்டு எட்டுக்கு மிதிக்க ஆரம்பித்தார்.

முதல் தடவைபோல இல்லை. ஆரம்பத்திலேயே மூக்குச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆனால் தடம் அதே தடம். பாதியில் இடப்பக்கம் மாறினார், கெட்டி மண்ணில் வந்தார். எழுபதாவது அடியில் ஒரு முறை சக்கரம் வழுக்கியது, சமாளித்தார். டீச்சர் தன் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். யாரும் கைகளை ஆட்டவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கைகள் வலித்தன. கீழே வைக்கத் தோன்றவில்லை.

வேப்பமரத்துக்கு வந்தார். தாண்டினார். நான் கை வைத்த இடம் எனக்குத் தெரியும். முன்சக்கரம் முட்டிய கல் இன்னும் தடத்தில் கிடந்தது. அவருக்கும் தெரியும். கல்லைப் பார்த்தபடியே வந்தார். முன்சக்கரத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் எடுத்து, கல்லுக்கும் மழை அறுத்த தடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் அகலத்தில் ஓட்டினார். வண்டி நிற்கப் பார்த்தது. தோள் சாய்ந்தது, அதே சாய்வு. ஒரு மிதி. இன்னொரு மிதி. தோள் நிமிர்ந்தது. கடந்துவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் டீச்சர் மூச்சை விட்டார்.

பிறகும் மிதித்தார். பத்து அடி, பதினைந்து அடி. அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வலது கால் கீழே போனது, மேலே வரவில்லை. வலித்ததா, மரத்துப் போனதா என்று பிறகும் அவர் சொல்லவில்லை. ஒரு கணம் வண்டி அப்படியே நின்றது, விழாமல், நகராமல். இடது கால் பெடலை விட்டுத் தரைக்கு வந்தது.

"கால்!" என்றார்.

நிபந்தனையை மறந்து கத்தினார். கல் வெட்டிய பள்ளத்தில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. புதரிலிருந்து நாலைந்து கௌதாரிகள் எழுந்து பறந்தன.

சாஃப்ட்வேர்க்காரர் இறங்கிப் போய் அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டார். பாய் மெதுவாக நடந்து மேலே வந்தார். என் முன்னால் நின்று பையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ வெக்கலியே?"

"வைக்கல."

"ஒரு செகண்டு கூட?"

"இல்ல பாய்."

தலையை ஆட்டினார். பையை மாட்டிக்கொள்ளத் திரும்பினார். வார் அவர் கைக்கு எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். "சார், கேக்காமயே குடுங்க, இது மேடு இல்ல," என்றார். எடுத்து மாட்டிவிட்டேன்.

டீச்சர் எண்ண ஆரம்பித்தார். மணி எட்டு பதினான்கு. ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். என் சைக்கிள் கீழே இருந்தது. இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். இறங்கும்போது எண்ணிக்கொண்டே போனேன். உச்சியிலிருந்து பாயின் இடது ஷூ பதிந்த இடம் வரை பதினோரு அடி. அங்கிருந்து நான் கை வைத்த இடம் வரை பதினாறு.